ஒரு சாணுக்கு இரண்டு நாற்று

சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற விஷயம் இல்லை இது. உன் கம்பெனிக்குச் சரக்கு வேன் ஓட்டுகிற நம் தெரு சேகரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உறையை ஒட்டாமல். வழியில் அவன் பிரித்துப் படித்தாலும் சரி, உன் ரூமில் இருக்கிற மற்ற மூன்று பேர் படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால், படிக்கட்டும் என்றுதான் ஒட்டவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாய், நேரில் சொல்லலாம்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோகிறது, இதை எங்கே சொல்வேன். பத்தாவது வரை படித்த கை, ஆனால் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் காயின் பாக்ஸிலிருந்து பேசும்போது சொன்னாயே, கொங்கண் பக்கம் ரயில்பாதை மேட்டில் வெட்டிவேர்ப் புல் நடுகிற வேலை, உன்னை சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும் என்று. எனக்கு அந்த நிமிடம் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நீ அடுத்ததாகக் கேட்டாய், "கரைய யாரும்மா பாத்துப்பாங்க?" நான், "ஏன், நான் கீறேன்ல" என்றேன். நீ உடனே பேச்சை மாற்றி ஊரில் மழை உண்டா என்று கேட்டாய். ஒரு ரூபாய் தீர்ந்து லைன் கட்டாகும் வரை மழையைப் பற்றியே பேசினாய். நீ ஏன் பேச்சை மாற்றினாய் என்று எனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் நம் ஓடைக்கரை உடைந்து பக்கத்து வயல் மங்கம்மாவின் நெல் மணலில் புதைந்தது. உன் புல்லால்தான் கரை உடைந்தது என்று ஊர் சொல்லியது, இன்றைக்கும் சொல்கிறது. அது உண்மையில்லை. அந்தப் புல்லை நட்டது நான். தப்பாக நட்டதும் நான். அந்தப் பெயரோடு உன்னை வண்டி ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்காக இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காக. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உன் கம்பெனி புதிதாகக் கட்டிய கொட்டகைக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவாக விட்டிருந்தார்கள், மழைக்கு அது கரைந்து வாசல் வரை சேறாக வந்துகொண்டிருந்தது என்று நீ சொல்வாய். தோட்ட வேலைக்கு கான்ட்ராக்டில் உன்னை எடுத்தார்கள். பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை புல் நடப் போகிறானே என்று உன் நைனாவுக்கு அவமானம். "மெஷினாண்ட நிக்க வேண்டியவன் மம்ட்டியாண்ட நின்னுகினு கீறான்" என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். நீயோ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் புல்லைப் பற்றியே பேசினாய். ஒரு மழைக்காலம் கழிந்ததும் சரிவில் ஒரு பிடி மண் கூட நகரவில்லை என்றாய். வேர் பக்கத்தில் பரவாமல் நேராகக் கீழே இறங்குகிறது, பக்கத்துப் பயிரோடு சண்டைக்குப் போவதில்லை, கோரைப்புல் மாதிரி விதை விழுந்து வயலில் புகுந்துவிடும் என்ற பயமும் இல்லை என்றாய். நான் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை ஆர்வமாக நீ வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை, அது மட்டும் மனசில் பட்டது.

நம் நிலத்துக்கும் ஓடைக்கும் நடுவில் தொடங்கி மங்கம்மாவின் வயல் ஓரம் வரை போகிற கரையை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு கார்த்திகையும் ஓடை ஒரு வாய் கடித்துக்கொண்டு போகும். தை மாதம் மண் கொட்டுவோம், அடுத்த கார்த்திகை அதையும் தின்றுவிடும். அந்த வருடம் ஆடியில், கம்பெனியில் தூர் பெருத்துப் போனதைப் பிரித்தபோது மிச்சமானதைக் கேட்டு வாங்கி, இரண்டு சிமெண்ட் மூட்டையில் ஈரச் சாக்கு சுற்றி, புதுவாயல் வரைக்கும் பஸ்ஸிலும் அங்கிருந்து சைக்கிளிலும் கொண்டுவந்தாய். கண்டக்டர் திட்டியதைக் கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய். வாசலில் உட்கார்ந்து தூரைக் கையால் கிழித்து, இரண்டு மூன்று தண்டு சேர்ந்தாற்போல் ஒரு நாற்றாகப் பிரித்து, மேலே ஒரு சாண் விட்டு இலையை நறுக்கி, கீழே நாலு விரல் விட்டு வேரை நறுக்கி, சாணிக் கரைசலில் முக்கி எடுத்து வரிசையாக வைத்தாய். வேரை நறுக்கும்போது உன் கையைப் பிடித்துத் தடுத்தேன். நெல் நாற்றில் வேர் அறுந்தால் நான் யாரையும் சும்மா விட்டதில்லை. "பழைய வேரு வேலைக்கு ஆவாதும்மா, புச்சா விட்டாதான் சீக்கிரம் புடிக்கும்" என்றாய்.

பம்பு கொட்டகை ஓரமாகப் பத்தடி தூரம் நீயே நட்டுக் காட்டினாய். ஒரே வரிசை, ஒரு சாணுக்கு இரண்டு நாற்று. விரலை விட்டால் விரல் சிக்குகிற நெருக்கம். மறுநாளிலிருந்து உனக்கு ஒரு வாரம் ஓவர்டைம், மீதியை நான் நட வேண்டும் என்று ஏற்பாடு. நீ சைக்கிளை எடுக்கும்போது மூன்றாவது தடவையாகச் சொன்னாய், "அம்மா, ஒரு சாணுக்கு ரெண்டு." நான் உன்னைத் துரத்திவிட்டேன். அடுத்த நாள் என் நடவு கோஷ்டியில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கரையில் இறங்கினேன். இறங்கியதும் என் கை தன் புத்தியைக் காட்டியது. முப்பது வருடமாக நாற்று நடுகிற கை அது. ஒற்றை நெல் நாற்றுக்கே ஒரு சாண் இடம் விடுகிறோம், தூர் கட்ட வேண்டாமா, காற்று வெளிச்சம் பட வேண்டாமா. ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற புல்லை இப்படி நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைக்கு நடவைப் பற்றி என்ன தெரியும் என்றும் தோன்றியது. ஒரு முழத்துக்கு ஒன்றாக நட்டேன். கூட வந்தவர்களையும் அப்படியே நட வைத்தேன். கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை, பார்க்க அத்தனை அழகு. மிஞ்சிய நாற்று ஒரு மூட்டைக்கு மேல். இலையை மாட்டுக்குப் போட்டேன், வேரைக் குப்பைக்குழியில் கொட்டினேன்.

அடுத்த வாரம் நீ வந்து கரையில் நின்று பார்த்தாய். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடந்தாய். "ஊடால ஊடால வெக்கணும்மா. தனித்தனியா நின்னா தண்ணி சுத்திக்கினு நடுவுல பூந்துடும். கைகோத்துக்கினு நின்னாதான் தாங்கும். மீதி நாத்து எங்க?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. "இன்னாடா, நேத்து முளைச்சவன் எனக்கு நாத்து நடக் கத்துக் குடுக்கறியா? இந்த அஞ்சு ஊர்ல என் கைய பாத்துதான் கோஷ்டியே கூப்புடுறாங்க" என்றேன். நாலு பெண்கள் சிரித்தார்கள். நீ "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். அந்த சரிம்மாவைத்தான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

கார்த்திகை இரண்டாவது வாரம் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் விடிந்ததும் நானும் மங்கம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். நீ சொன்னபடியே நடந்திருந்தது. என் தூர்கள் ஒன்று கூட அடித்துக்கொண்டு போகவில்லை. தூருக்குத் தூர் நடுவில் இருந்த மண்தான் போயிருந்தது. ஒரு இடத்தில் அது பெரிய வாயாகப் பிளந்து, கரை உடைந்து, ஓடை அப்படியே மங்கம்மாவின் வயலில் இறங்கியிருந்தது. நட்டு மூன்று வாரம் ஆன பயிர், முக்கால் வயல் மணலுக்குக் கீழே. அவள் புருஷன் போன பிறகு தனியாக நின்று வைத்த முதல் பயிர் அது. பம்பு கொட்டகை ஓரத்தில் நீ நட்டுக் காட்டின பத்தடி மட்டும் கலையாமல் நின்றது. எதிரில் மண் கூடக் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன். உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எந்தக் கம்பெனிலருந்தோ இன்னாத்தையோ தூக்கியாந்து நல்லாக் கீற கரைய நோண்டி வுட்டுட்டானே உம்புள்ள" என்றாள். கூடியிருந்த பத்துப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஓடை நெடுக இந்தப் புல்லை வைக்கலாமா என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, நல்ல வேளை நாம் வைக்கவில்லை என்றார்கள். நான் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். அவன் சொன்ன மாதிரி நான் நடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடவுக் காலம் முடியவில்லை, என் கை தப்பு செய்தது என்று தெரிந்தால் அடுத்த ஊரில் யார் கூப்பிடுவார்கள் என்று அந்த நேரத்தில் எனக்கு யோசனை போயிற்று. பெற்ற பிள்ளையின் மானத்தை விட என் கையின் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. கூட நட்ட நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள், நான் மூடியிருக்கவே அவர்களும் மூடிக்கொண்டார்கள். அந்தத் தையில் நீ ஒவ்வொரு வார லீவுக்கும் வந்து மங்கம்மாவின் வயலில் மணல் வாரிக் கொட்டினாய். அவள் ஒரு செம்பு தண்ணீர் கூட நீட்டவில்லை. நான் உனக்கு நாஷ்டா கட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அந்தப் புல்லிடம் எனக்கு இருக்கிற மரியாதை அதற்குப் பிறகு வந்ததுதான். மணலை வாரி முடித்து, உடைந்த இடத்தில் மூட்டை அடுக்கி மண் போட்டு, நீ வேறெங்கும் போய் நாற்றுத் தேடவில்லை. என்னுடைய தூர்களையே தோண்டிக் கிழித்து, ஒன்றிலிருந்து இருபது முப்பது நாற்று எடுத்து இடைவெளியை எல்லாம் அடைத்தாய். இந்தத் தடவை நான் பிரித்துக் கொடுத்தேன், நீ நட்டாய். வெயில் காலம், ஓடைக் குட்டையிலிருந்து குடம் குடமாக ஊற்றினோம். ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டது. வருடம் திரும்புவதற்குள் சுவர் ஆனது. இந்த மூன்று மழைக்கு ஓடை எவ்வளவோ முட்டிப் பார்த்துவிட்டது, தண்ணீர் மட்டும் வடிகட்டி உள்ளே வருகிறது, மண் அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. கரை ஒரு முழம் உயர்ந்திருக்கிறது, நாம் ஒரு கூடை மண் கொட்டாமல். உன் நைனா, தண்ணீர்ப் பானையில் போட வேர் வேண்டும் என்று ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு தூரைப் பிடுங்கப் போனார். புல் அசையவில்லை, இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுக்கை. "அது இன்னா புல்லா, கடப்பாரையா" என்று முனகிக்கொண்டே கிடந்தார். அதிலிருந்து, மெஷினாண்ட நிற்க வேண்டியவன் என்கிற பேச்சையும் விட்டுவிட்டார். வேர் வாங்க ஒரு வியாபாரி வந்தபோது, "கரை வேர் கேக்காதீங்க, வேரோட கரையும் வந்துடும்" என்று அவரே திருப்பி அனுப்பினார்.

ஆகையால் கரையைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் கற்றுக்கொண்டேனா என்று நீயே பார். வருடத்துக்கு மூன்று தடவை முழங்கால் உயரத்துக்கு அறுக்கிறேன், அறுக்க அறுக்கத்தான் பக்கத்தில் தண்டு விடும். அறுத்ததில் இளசு மாட்டுக்கு, முற்றல் மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்கு. எங்காவது ஒரு தூர் செத்து இடைவெளி விழுந்தால் ஆவணிக்குள் பக்கத்துத் தூரைப் பிரித்து அடைத்துவிடுகிறேன். வடக்கோரத்தில் தானாக முளைத்த வேலிக்காத்தான் மரத்தை வெட்டித் தள்ளிவிட்டேன், நிழலில் இந்தப் புல் சோம்பிவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்றை நான் சொல்கிறேன், கேள். அங்கேயும் மேட்டில் ஏறி நடப் போகிறவர்கள் என்னை மாதிரி நடவுப் பெண்களாகத்தான் இருப்பார்கள். வேலை தெரியாதவர்கள் நீ சொன்னபடி நட்டுவிடுவார்கள். வேலை தெரிந்தவர்கள்தான் உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அளவை மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுக்காதே. ஏன் என்பதைச் சொல். நெல் நமக்குத் தூர் கட்டிக் கதிர் கொடுக்க வேண்டும், அதனால் இடம் விடுகிறோம், இது ஒன்றோடொன்று சேர்ந்து சுவராக வேண்டும், அதனால் விடக் கூடாது என்று அன்றைக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் என் மரமண்டைக்கும் ஏறியிருக்கும். ஏறாவிட்டால் சண்டை போடு. பெரியவள் சத்தம் போடுகிறாளே என்று சரிம்மா சொல்லிவிட்டு வராதே. உன் குணத்தில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

இனிமேல் சொல்வதுதான் எழுதவே உட்கார்ந்த காரணம். நேற்று மங்கம்மா வீட்டுக்குப் போனேன். நாலு வருடமாகப் போகாத வீடு. அவள் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். "மங்கம்மா, அந்தக் கரைய ஒடைச்சது எம்புள்ள இல்ல. அவன் ஒரு சாணுக்கு ரெண்டு வெக்க சொன்னான். நான்தான் திமிருல மொழத்துக்கு ஒண்ணா நட்டேன். அவன் வந்து சொல்லியும் கேக்கல" என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாக்கா சொல்ற?" என்றாள். "அன்னிக்கு மழ வுட்டதும் உம்புள்ள ஊட்டுக்கு வந்தானே. 'அத்த, அம்மாவ ஒண்ணும் கேக்காத. நான்தான் அளவ தப்பா சொல்லிட்டேன், அது நான் சொன்ன மாரிதான் நட்டுச்சு. மணல நான் வாரிக் குடுத்துடறேன்'னு நின்னான். அதத்தான நான் நாலு வருசமா நெஞ்சுல வெச்சிக்கினு கீறேன்."

ஊர் உன்னைச் சொன்னது, நீ பொறுத்துக்கொண்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயே போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது. என் கையின் பெயருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதே பெயருக்காக நீ போய்ப் பொய் சொல்லியிருக்கிறாய். எந்தத் தாயும் பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுத மாட்டாள், நானும் எழுதவில்லை. ஆனால் உன்னைப் பெற்றதற்கு எனக்கு இருக்கிற பெருமையை இந்தத் தாளில் அடக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் நடவு கோஷ்டி வேலை செய்துகொண்டிருந்த வயலில் இறங்கி, பதினோரு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் நிமிரவில்லை. பிறகு ஒருத்தி மட்டும், "சரி, நாத்த எடு, பொழுதாவுது" என்றாள். நாளைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மங்கம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நீ புதுவாயல் பஸ்ஸுக்கு ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் அதிகம், இத்தனை வருடமாக. திங்கட்கிழமை அந்த வழியாகப் போகாதே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கரை மேலேயே நட, அது நேராக அவள் வாசலில் போய் இறங்கும். நீ எப்போது கிளம்புகிறாய் என்று மங்கம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். விடிந்ததிலிருந்து வாசலில் நிற்பாளாம். உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், என்னவென்று கேட்டேன், உன்னிடம்தான் சொல்வேன் என்றுவிட்டாள். நின்று, அவள் முழுதாகச் சொல்லி முடிக்கிற வரை கேட்டுவிட்டுப் போ. பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

உன் அம்மா